காட்டுக்கோழி கழுத்து இறகுக்கு வெளிநாட்டில் ஏன் இவ்வளவு மவுசு? தூண்டில் முள்ளில் ஏறிய நம்ம ஊர் பறவையின் கதை

மீன் பிடிக்க நமக்கு என்ன வேண்டும்? ஒரு கம்பு, நரம்பு, முள், தக்கை, கொஞ்சம் மண்புழு. விருத்தாசலம், கருவேப்பிலங்குறிச்சி பக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் இதைத்தான் சொல்வார். காவிரிப் பக்கம் போனால் மண்புழுவுக்குப் பதில் ராகி உருண்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் முள்ளில் புழுவைக் குத்துவதில்லை, இறகைக் கட்டுகிறார்கள். அந்த இறகுகளில் மிக அதிக மதிப்புள்ளவற்றில் ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மேயும் நம்ம காட்டுச்சேவலின் கழுத்திலிருந்து வந்தது. நூறாண்டுக்கும் மேலாக இந்த இறகுக்கு வெளிநாட்டில் கிராக்கி இருக்கிறது. இந்தியாவிலோ இதை விற்றால் ஜெயில்.

ஒரு சேவலின் கழுத்தில் அப்படி என்ன இருக்கிறது? வெளிநாட்டில் கடையில் விற்பது இங்கே எப்படிக் குற்றம்? வயலில் கிடக்கும் மயில் இறகை எடுத்து வைத்திருக்கிறோமே, அதுவும் தப்பா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டுமே இயற்கையாக வாழும் பறவை. தமிழ்நாட்டு மலைக்காடுகளில் இருக்கிறது.

• சேவலின் பிடரி இறகு நுனியில் மெழுகு பூசியது போன்ற புள்ளி உண்டு. மீனின் கண் போலத் தெரிவதால் தூண்டில் ‘ஈ’ கட்டுபவர்கள் இதைத் தேடுகிறார்கள்.

• வெளிநாட்டில் சட்டப்படி விற்கப்படுவது பண்ணையில் வளர்த்த கோழியின் இறகு. இந்தியக் காட்டுப் பறவையின் இறகை விற்பதும் அனுப்புவதும் குற்றம்.

• தானாக உதிர்ந்த மயில் தோகைக்கு மட்டும் உள்நாட்டில் விலக்கு உண்டு. அதையும் ஏற்றுமதி செய்ய முடியாது.

‘ஈ’ கட்டி மீன் பிடிப்பது என்றால் என்ன?

குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் போன்ற மீன்கள் தண்ணீரின் மேல் வந்து விழும் ஈ, பூச்சி, புழுக்களைத் தின்று வாழ்பவை. நிஜ ஈயை முள்ளில் குத்தினால் நிற்காது, பிய்ந்து போய்விடும். அதனால் முள்ளின் மேல் நூல் சுற்றி, இறகு, ரோமம், ஜரிகை எல்லாம் வைத்துக் கட்டி ஈயைப் போலவே ஒரு உருவம் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயரே ‘ஃப்ளை’. நாம் செயற்கை ஈ என்று சொல்லலாம்.

இந்த ஈக்கு எடையே கிடையாது. நம்ம ஊர் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். கனமான நரம்பைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில் ஈயைத் தண்ணீர் மேல் மெதுவாக இறக்க வேண்டும்.

எந்த இறகு என்பது எந்த ஈ என்பதைப் பொறுத்தது. தண்ணீரின் மேல் மிதக்க வேண்டும் என்றால் சேவலின் விறைப்பான கழுத்து இறகு. அதை முள்ளைச் சுற்றிச் சுற்றினால் இழைகள் நாலாபக்கமும் நிமிர்ந்து, ஈயின் கால் மாதிரி தண்ணீரில் ஊன்றி நிற்கும். தண்ணீருக்குள் மூழ்க வேண்டும் என்றால் பெட்டைக் கோழியின் மெத்தென்ற இறகு. உடலைப் பருமனாக்க மயில் தோகையின் பச்சை இழை. வாலுக்கு ஃபெசன்ட் இறகு.

அது என்ன ஃபெசன்ட்? கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த, நீண்ட வாலும் பளபளக்கும் நிறமும் கொண்ட பறவைகளின் கூட்டுப் பெயர். கோழி, மயில், காடை, கவுதாரி, ஃபெசன்ட் எல்லாமே ஒரே குடும்பம்தான். சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட தங்க ஃபெசன்ட்டின் கொண்டை இறகு, கறுப்புக் கோடு போட்ட ஆரஞ்சுப் பிடரி இறகு இரண்டும் ஈ கட்டுபவர்களின் பெட்டியில் கண்டிப்பாக இருக்கும்.

ஃபெசன்ட் என்றாலே அரிய பறவை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் சாதாரண ஃபெசன்ட்டை வேட்டை விளையாட்டுக்காகவே லட்சக்கணக்கில் பண்ணையில் வளர்த்து விடுகிறார்கள். அங்கே ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், அந்த வால் இறகு இழையையும் மெல்லிய செப்புக் கம்பியையும் மட்டும் வைத்து ஒரு ஈயை உருவாக்கினார். இன்றுவரை உலகம் முழுக்க ட்ரவுட் பிடிக்க அது ஓடிக்கொண்டிருக்கிறது. மலிவான இறகு, சிக்கல் இல்லாத இறகு. சிக்கல் வருவது அரிய பறவைகளிடம்தான். அந்தப் பட்டியலில் நம்ம காட்டுக்கோழிக்கு முக்கியமான இடம்.

நம்ம காட்டுக்கோழியில் அப்படி என்ன இருக்கு?

சாம்பல் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயர் கேலஸ் சோனராட்டி. 18ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து பறவைகளைச் சேகரித்த பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சோனராவின் நினைவாக வைத்த பெயர். முதுமலை, ஆனைமலை, களக்காடு-முண்டந்துறை என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. வடக்கே ராஜஸ்தானின் மவுண்ட் அபு வரை பரவியிருக்கிறது. கடலூர் மாவட்டம் மாதிரியான சமவெளி வயல்களில் இதைப் பார்க்க முடியாது.

பெட்டை, பழுப்பு நிறத்தில் காய்ந்த சருகோடு சருகாகத் தெரியும். சேவலுக்குச் சாம்பல் உடம்பு, சிவந்த கால், சிவந்த கொண்டை, கறுப்பாக மினுங்கும் வால். கூவினால் ‘கொக்கரக்கோ’ என்று நீளாது. வெட்டி வெட்டிக் கூவும். மூங்கில் அரிசி, உண்ணிச்செடிப் பழம், கரையான் எல்லாம் இதன் சாப்பாடு.

விஷயம் பிடரியில் இருக்கிறது. சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றும் கறுப்பும் சாம்பலும் கலந்தது. அதன் நுனிப் பக்கம் இறகின் இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டித் தகடு மாதிரி ஆகிவிடும். வெள்ளையும் பொன்மஞ்சளுமாகப் பளபளக்கும் சொட்டு. கையால் தடவினால் இறகு மாதிரி இருக்காது, வழவழவென்று இருக்கும். விருத்தாசலம் பீங்கான் பொம்மை மேல் சூளையில் ஏறும் பளபளப்பு இருக்கிறதே, அது போல. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின்தான் இதுவும். வண்ணம் பூசியது இல்லை என்பதால் தண்ணீரில் கரையாது, மங்காது.

இந்த இறகை ஈயின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினால், கறுப்புக்கு நடுவே தெரியும் அந்தச் சொட்டு சின்ன மீன் குஞ்சின் கண் மாதிரி தெரியும். வேட்டை மீன்கள் இரையைத் துரத்தும்போது கண்ணைக் குறிவைத்துப் பாயும் என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை. இந்த இறகுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஜங்கிள் காக்’.

தமிழில் இந்தப் பறவை புதிதில்லை. சங்க இலக்கியத்தில் இது ‘கானங்கோழி’. குறுந்தொகைப் பாடல் ஒன்று, முல்லை நிலத்தில் இந்தச் சேவலின் புள்ளி ஒளிரும் கழுத்தில் குளிர்ந்த நீர்த்துளி விழுவதைச் சொல்கிறது. வடக்கே இருக்கும் சிவப்புக் காட்டுக்கோழிக்குக் கழுத்தில் புள்ளி கிடையாது. எழுதிய புலவர் தென்னாட்டுக் காட்டுச்சேவலைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொரு தகவல். வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான் என்பது பழைய முடிவு. ஆனால் பல வீட்டுக் கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாக இருக்கக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2008-ல் காட்டியது. அதாவது கறிக்கடையில் தொங்கும் கோழியின் மஞ்சள் தோலில் நம்ம மலைக்காட்டுப் பறவைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இங்கிலாந்துக்கு எப்படிப் போனது?

19ஆம் நூற்றாண்டு. உலகம் முழுக்க ஆங்கிலேயர் ஆட்சி. ஒவ்வொரு காலனியிலிருந்தும் பறவைத் தோலும் இறகும் லண்டன் ஏலக் கூடங்களுக்குப் போய்க் குவிந்தன. பெரும்பகுதி பெண்களின் தொப்பி அலங்காரத்துக்கு. ஒரு சின்னப் பகுதி தூண்டிலுக்கு.

பணக்காரர்கள் சால்மன் பிடிக்கப் போகும்போது, அவர்கள் தூண்டிலில் கட்டும் ஈ நகை மாதிரி ஆனது. 1850 வாக்கில் உருவான ‘ஜாக் ஸ்காட்’ என்ற ஒரே ஒரு ஈயில் தென் அமெரிக்க டூக்கன், மக்கா கிளி, சீனாவின் தங்க ஃபெசன்ட், மயில், பஸ்டர்ட், அதோடு நம்ம காட்டுச்சேவல் என்று பல நாட்டுப் பறவைகள் சேர்ந்தன. விரல் நீளம் கூட இல்லாத முள்ளில் பாதி உலகம்! 1895-ல் ஜார்ஜ் கெல்சன் ‘தி சால்மன் ஃப்ளை’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். எந்த ஈக்கு எந்தப் பறவையின் எந்த இறகு என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்தார். இன்றும் பழைய பாணியில் ஈ கட்டுபவர்களுக்கு அதுதான் வேதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் பெரும்பாலும் சாப்பிடுவதே இல்லை. எரிச்சலிலோ பழக்கத்திலோ ஈயைக் கவ்வுகிறது. அந்த மீனுக்கு டூக்கன் இறகும் சாயம் போட்ட கோழி இறகும் ஒன்றுதான். ஆக, அரிய இறகைக் கேட்டது மீன் இல்லை, மனிதன்.

அமெரிக்காவிலும் இந்த இறகு புகழ்பெற்றது. மெய்ன் மாநிலத்தில் தொப்பி அலங்காரத் தொழில் செய்த கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண், 1924-ல் தானே கட்டிய ஈயால் ஒரு பெரிய ட்ரவுட் பிடித்துப் பேர் வாங்கினார். பிறகு ‘கிரே கோஸ்ட்’ என்று பிரபலமான அவரது ஈயின் கன்னத்தில் ஒட்டியிருப்பது நம்ம காட்டுச்சேவலின் புள்ளி இறகு.

அப்போ இங்கே தமிழ்நாட்டில் இந்த வகை மீன்பிடிப்பு இருந்ததா? இருந்தது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் விட ஆங்கிலேயர் 1860-களிலேயே முயன்று தோற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் எடுத்த முயற்சி பலித்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வந்தது. காட்டுக்கோழி மேயும் அதே மலையில், அதன் இறகைக் கட்டி மீன் பிடிக்கும் துரைமாரும் வந்து சேர்ந்தார்கள்.

முதல் தடை எப்போது வந்தது?

பலர் நினைப்பது போல 1972-ல் இல்லை. அதற்கு 70 வருடம் முன்பே வந்துவிட்டது. 1902-ல், கர்சன் வைஸ்ராயாக இருந்தபோது, காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய அரசு தடை விதித்தது. தீக்கோழி இறகுக்கும் அறிவியல் சேகரிப்புக்கும் மட்டும் விலக்கு. பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் பறவைகள் அழிகின்றன என்ற கவலையும் இதற்குப் பின்னால் இருந்தது. தடை வந்த பிறகும் கடத்தல் நடந்தது.

வாங்குகிற நாடுகளும் மெல்ல மெல்லக் கதவைச் சாத்தின. அமெரிக்கா 1913-ல் சுங்கச் சட்டம் மூலம் காட்டுப் பறவை இறகு இறக்குமதியைத் தடுத்தது. பிரிட்டன் 1921-ல் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டுக்கும் பின்னால் பறவை ஆர்வலர்களின், குறிப்பாகப் பெண்களின், நீண்ட போராட்டம் இருக்கிறது.

ஆனால் தொப்பிக்குச் சாத்திய கதவைத் தூண்டிலுக்குக் கொஞ்சம் திறந்து வைத்தது அமெரிக்கா. மீன்பிடி ஈ தயாரிக்க ஆண்டுக்கு 5,000 சாம்பல் காட்டுக்கோழித் தோல் வரை இறக்குமதி செய்யலாம் என்று அந்த நாட்டு சுங்க வரிப் பட்டியலிலேயே ஒரு ஒதுக்கீடு இடம்பெற்றது. மாண்டரின் வாத்துக்கு 1,000. தங்க ஃபெசன்ட் உள்ளிட்ட ஆறு வகை ஃபெசன்ட்டுகளுக்குச் சேர்த்து 45,000. இந்தியாவில் மட்டுமே வாழும் ஒரு பறவைக்கு வாஷிங்டனில் எண்ணிக்கை குறித்து வைத்திருந்தார்கள் என்றால் கிராக்கி எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று பாருங்கள்.

இப்போது இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சாம்பல் காட்டுக்கோழி பாதுகாக்கப்பட்ட பறவை. வேட்டையாடுவது, பிடிப்பது, பொறி வைப்பது, முட்டை எடுப்பது எல்லாமே குற்றம். இறகு மட்டும்தானே என்று தப்பிக்க முடியாது. விலங்கின் எந்தெந்தப் பாகம் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லும் விளக்கத்தில் கொம்பு, பல், நகம், முட்டையோடு ‘இறகு’ என்ற சொல்லும் நேரடியாகவே இருக்கிறது.

2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இப்படி:

• சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

• மற்ற பெரும்பாலான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நாடு தாண்டினால் ‘சைட்ஸ்’ எனப்படும் சர்வதேச உடன்படிக்கை வருகிறது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. சாம்பல் காட்டுக்கோழி இதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் அனுமதிச் சான்று வேண்டும்.

அப்போ வெளிநாட்டுக் கடைகளில் விற்பது எப்படி?

முறையான கடைகளில் விற்பது காட்டில் பிடித்த கோழி இல்லை. இந்தியாவிலிருந்து வரத்து நின்ற பிறகு, பிரிட்டன் போன்ற நாடுகளில் ஏற்கெனவே இருந்த பறவைகளின் வாரிசுகளைப் பண்ணையில் வளர்த்துப் பெருக்கினார்கள். அந்தச் சேவல்களின் கழுத்துத் தோல் சான்றோடு விற்கப்படுகிறது. நல்ல தரமான ஒரு கழுத்துத் தோல் 100 டாலரைத் தாண்டும். தோலாக வாங்க முடியாதவர்கள் இறகுகளைச் சோடி சோடியாக வாங்குவார்கள்.

மாற்றும் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் அச்சடித்த போலி இறகு கிடைக்கிறது. சாதாரணக் கோழி இறகில் வார்னிஷ் தடவிப் புள்ளி வைப்பவர்கள் உண்டு. மிதக்கும் ஈக்குத் தேவையான நீள இறகுக்காகவே வீட்டுச் சேவல்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ‘வைட்டிங் ஃபார்ம்ஸ்’ போன்ற பண்ணைகள் அமெரிக்காவில் இருக்கின்றன.

2011-ல் ஒரு கூத்து நடந்தது. கூந்தலில் நீள இறகு வைத்துக்கொள்வது அமெரிக்காவில் திடீர் ஃபேஷன் ஆனது. பியூட்டி பார்லர்காரர்கள் தூண்டில் கடைகளுக்குள் புகுந்து இருந்த சேவல் இறகையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். விலை பல மடங்கு எகிறியது, மீன்பிடிப்பவர்களுக்கு இறகு கிடைக்கவில்லை. பண்ணைக் கோழி இறகு என்பதால் அது வெறும் விலைப் பிரச்சினையோடு முடிந்தது. அதே ஆசை ஒரு காட்டுப் பறவை மேல் திரும்பினால் விலையோடு நிற்காது.

இறகுக்காக மியூசியத்தில் திருடிய கதை தெரியுமா?

ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த திருட்டு சாட்சி. லண்டனுக்கு வெளியே ட்ரிங் என்ற ஊரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பு இருக்கிறது. லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த 20 வயது அமெரிக்க மாணவர் எட்வின் ரிஸ்ட், இரவில் ஜன்னலை உடைத்து உள்ளே போய் 299 பறவைத் தோல்களை சூட்கேஸில் அள்ளிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். அவர் சால்மன் ஈ கட்டுவதில் கெட்டிக்காரர்.

சொர்க்கப் பறவைகள், கெட்சல், கோட்டிங்கா என்று எல்லாமே ஈ கட்டுபவர்கள் உயிரை விடும் பறவைகள். சிலவற்றை டார்வின் காலத்து இயற்கையாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரித்திருந்தார். 2010 நவம்பரில் ரிஸ்ட் பிடிபட்டார். 2011-ல் 12 மாத சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆஸ்பெர்கர் நோய்க்குறி இருப்பதாகச் சொன்ன மருத்துவ அறிக்கையை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. இந்தச் சம்பவத்தை வைத்து கிர்க் வாலஸ் ஜான்சன் எழுதிய ‘தி ஃபெதர் தீஃப்’ புத்தகம் 2018-ல் வந்தது.

முழுதாகத் திரும்பக் கிடைத்தவை 174 தோல்கள். அதிலும் பலவற்றின் சீட்டு பிய்க்கப்பட்டிருந்தது. எங்கே, எப்போது பிடித்த பறவை என்ற சீட்டு போனால் அந்தத் தோல் அறிவியலுக்குப் பயன்படாது. திருடியது இறகு, தொலைந்தது 150 வருடத் தகவல்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்கும் இதில் ஒரு உதாரணம் இருக்கிறது. திருட்டுப் போனவற்றில் ‘இந்தியன் க்ரோ’ என்று தூண்டில்காரர்கள் சொல்லும் பறவையும் உண்டு. அது இந்தியப் பறவையும் இல்லை, காக்காயும் இல்லை. தென் அமெரிக்கக் காட்டில் பழம் தின்னும் பறவை. அசல் இந்தியச் சரக்கு காட்டுக்கோழியும் மயிலும்தான்.

காட்டுக்கோழி இப்போது எப்படி இருக்கிறது?

உடனடி ஆபத்து இல்லாத இனம் என்றுதான் சர்வதேச செம்பட்டியல் இதை வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் எண்ணிக்கை குறைந்து வருகிறது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. காடு சுருங்குவதும், கறிக்காகக் கண்ணி வைத்துப் பிடிப்பதும் இதன் முக்கியப் பிரச்சினைகள்.

இறகு வணிகம் இந்த இடத்தில்தான் கூடுதல் ஆபத்து. கறிக்குப் பிடிப்பவருக்கு எந்தக் கோழியானாலும் சரி. இறகுக்குப் பிடிப்பவருக்கு வேண்டியது நன்றாக வளர்ந்த சேவல், அதுவும் பிடரி இறகு முழுதாகப் பளபளக்கும் பருவத்தில். அது இனப்பெருக்கக் காலம். சேவல் கூவிக்கூவித் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் காலமும் அதுதான். இனப்பெருக்கம் முடிந்ததும் சேவல் அந்த இறகுகளை உதிர்த்துவிட்டுச் சில மாதம் மங்கலான கழுத்தோடு திரியும். ஆக, இறகுக்காகக் கொல்லப்படும் ஒவ்வொரு சேவலும் அந்த வருடம் குஞ்சுக்கு அப்பா ஆக வேண்டிய சேவல்.

அடிக்கடி வரும் கேள்விகள்

*காட்டுக்குச் சுற்றுலா போகும்போது கீழே கிடக்கும் காட்டுக்கோழி இறகை எடுத்து வரலாமா?*

கூடாது. உதிர்ந்ததா, பிடுங்கியதா என்று சோதனைச் சாவடியில் நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. போட்டோ எடுத்துக்கொண்டு இறகை அங்கேயே விட்டு வாருங்கள்.

*கருவேப்பிலங்குறிச்சி மாதிரி ஊர்களில் வயலில் மயில் இறகு கிடக்கிறதே, அது?*

மயில் 1963 முதல் தேசியப் பறவை. முதல் பட்டியல் பாதுகாப்பு உள்ளது. ஆனால் கோயில், தர்கா, காவடி, விசிறி என்று மயில் தோகை நம் வாழ்க்கையில் கலந்தது என்பதால் சட்டத்தின் 43ஆம் பிரிவு தோகைக்கு மட்டும் விலக்கு தருகிறது. தானாக உதிர்ந்த தோகையை வீட்டில் வைத்திருக்கலாம். மயிலைக் கொன்றோ பிடித்தோ பிடுங்கினால் விலக்கு இல்லை. அடிக்காம்பில் ரத்தக் கறை இருந்தால் பிடுங்கியது என்று சந்தேகம் வரும். பயிரை மேய்கிறது என்று விஷம் வைப்பதும் 3 முதல் 7 ஆண்டு சிறைக்கு வழி. பயிர்ச் சேதம் என்றால் வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் சரியான வழி.

*அந்தத் தோகையை வெளிநாட்டு நண்பருக்குப் பார்சல் அனுப்பலாமா?*

முடியாது. மயில் தோகை ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. பெட்டியில் நாலு தோகை வைத்துக்கொண்டு விமானம் ஏறினாலும் சுங்கத்தில் சிக்கல்தான்.

*வீட்டில் வளர்க்கும் நாட்டுச்சேவலின் கழுத்து இறகு?*

வனவிலங்குச் சட்டம் வீட்டுக் கோழிக்குப் பொருந்தாது. தூண்டில் ஈ கட்டிப் பார்க்க ஆசை இருந்தால் இதுவே போதும். உலகத்தில் பெரும்பாலான ஈக்கள் வீட்டுக் கோழி இறகில் கட்டப்பட்டவைதான். இலங்கையிலும் கென்யாவிலும் ஏற்றுமதிக்காகக் கையால் ஈ கட்டும் தொழிற்கூடங்களே இருக்கின்றன. அது நேர்மையான பிழைப்பு.

*வெளிநாட்டு வெப்சைட்டில் ‘ஜங்கிள் காக்’ ஆர்டர் போடலாமா?*

அங்கே சட்டப்படி விற்கிறது என்பதால் இங்கே வாங்கலாம் என்று அர்த்தமில்லை. அனுப்பும் நாட்டின் சைட்ஸ் சான்றும் இந்திய இறக்குமதி அனுமதியும் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் பறிமுதல் ஆகும். வழக்கும் வரலாம்.

*யாராவது வாட்ஸ்அப்பில், ஃபேஸ்புக்கில் ‘காட்டுக்கோழி கழுத்து கிடைக்குமா, நல்ல விலை தரேன்’ என்று கேட்டால்?*

பதில் போட வேண்டாம். கூரியர் அனுப்பிவிடுகிறேன் என்று நடுவில் நிற்பவரும் குற்றவாளிதான். நீங்கள் மலையடிவாரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பார்சலில் உங்கள் முகவரி இருந்தால் போதும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து பக்கத்திலிருக்கும் வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். மத்திய வனவிலங்கு குற்றத் தடுப்பு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒன்று

கேட்பவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. மாட்டினால் பெரும்பாலும் அவர் வேறு நாட்டில் இருப்பார். கண்ணி வைத்தவரும் பார்சல் போட்டவரும்தான் இங்கே நீதிமன்றப் படி ஏறுவார்கள். சாயம் போட்ட கோழி இறகுக்கே மீன் மாட்டும்போது, இரண்டு புள்ளி இறகுக்காக ஒரு காட்டுச்சேவலையும் மூன்று வருட வாழ்க்கையையும் பணயம் வைப்பது யாருக்கும் லாபமில்லை.